அடைக்கலம் நாடுவோரும் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளும்

ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சட்டம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகள் இப்போது பல. தாத்தா பால்மரம் சீவினார், அப்பா லாரி ஓட்டினார், மகள் வழக்கறிஞராகப் போகிறாள் என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்களை நாம் அறிவோம். படிப்பு முடிந்த பின்னர் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும் என்பது 1976 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் விதி. 'சேம்பரிங்' என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். எங்கே சேர்வது என்ற பேச்சு வீட்டில் எழும்போது நிலம் வாங்கல் விற்றல், வங்கிக் கடன், விபத்து இழப்பீடு ஆகியவையே முன்வரிசையில் நிற்கின்றன. அகதிகளுக்கும் நாடற்றவர்களுக்கும் துணை நிற்கும் சட்டப் பணியில் கொஞ்ச காலம் பழகி வரலாமே என்று சொல்லும் பெற்றோர் குறைவு. அந்தப் பணியில் காசு இல்லை என்பது உண்மையே. ஆயினும் அங்கே கற்கும் வித்தையை வேறெந்த அலுவலகமும் எளிதில் கற்றுத்தராது. அந்த வித்தை என்ன, பேராக்கில் வாழும் நமக்கு அதில் என்ன அக்கறை என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வோம். அகதி என்பவர் தம் நாட்டில் தமக்குக் கொடுமை நேரும் என்று அஞ்சி எல்லை கடந்து வந்தவர். அந்த அச்சம் வெறும் மனப்பிராந்தியாக இல்லாமல் தக்க ஆதாரம் உடையதாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் அவருடைய இனம், சமயம், தேசிய இனத் தன்மை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்ற நிலை ஆகிய ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் இப்படி வரையறுக்கிறது. நாடற்றவர் வேறு. எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர் அவர். அவர் எல்லை கடந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிறந்த லயத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமலே நாடற்றவராக இருக்கலாம். இந்த இரண்டாவது வகையினர் நமக்குப் புதியவர்கள் அல்லர்.

மலேசியா 1951 ஒப்பந்தத்திலும் அதன் 1967 ஆம் ஆண்டு இணைப்பு உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற தனி வகையே கிடையாது. அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவருக்குப் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை தண்டனை உண்டு. வேலை தேடி வந்தவரையும் உயிருக்குப் பயந்து வந்தவரையும் அந்தப் பிரிவு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 1975 இல் வியட்நாமியர் படகுகளில் வந்து கரையேறத் தொடங்கிய காலத்தில் ஐக்கிய நாட்டு அகதிகள் உயர் ஆணையரகம் இங்கே பணியைத் தொடங்கியது. பூலாவ் பீடோங் முகாமைப் பற்றி நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அது 1991 இல் மூடப்பட்டது. பிற்காலத்தில் அந்த ஆணையரகத்தில் பதிவு பெற்றோர் தொகை 180,000ஐத் தாண்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களும் சின் மக்களும் ஆவர். பாகிஸ்தான், ஏமன், சோமாலியா முதலிய நாட்டவரோடு இலங்கைத் தமிழரும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதெல்லாம் கோலாலம்பூர் விவகாரம் என்று எண்ணிவிடலாகாது. 2024 பிப்ரவரி முதல் நாள் இரவு பீடோர் தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்கியாக்கள். அன்றிரவே ஒருவர் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி மாண்டார். பீடோர் கொய்யாப்பழத்துக்குப் பேர்போன ஊர். வடக்கே போகிற வழியில் நாமெல்லாம் காரை நிறுத்திப் பழம் வாங்கும் இடம். அதற்கு மூன்றாண்டு முன்னர் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதே மாதம் அந்நாட்டவர் 1,200 பேரைத் திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று. அவர்களை ஏற்றிச் செல்ல வந்த மூன்று கடற்படைக் கப்பல்கள் நம் பேராக்கின் லூமூட் கடற்படைத் தளத்தில் நின்றன. இரண்டு தொண்டு நிறுவனங்கள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தன. உயர் ஆணையரகத்தில் பதிவுள்ள மூவரும், தாயோ தந்தையோ மலேசியாவில் இருக்கும் 17 சிறார்களும் அந்தக் கூட்டத்தில் உள்ளதாக மனுவில் காட்டியிருந்தார்கள். பிப்ரவரி 23 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைக்கே 1,086 பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். அனைவரும் விரும்பியே சென்றார்கள், அவர்களில் அகதிகள் யாருமில்லை என்று குடிநுழைவு இலாகா அறிவித்தது. மறுநாள் நீதிமன்றம் தடையை நீட்டித்தபோது எஞ்சியிருந்தவர் 114 பேர்.

அந்த மனுவை எப்படித் தயாரித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யார் பெயர் என்ன, எந்த முகாமில் இருக்கிறார், தாய் எங்கே, அதற்குச் சான்று என்ன என்பவற்றை ஓரிரு நாளில் திரட்டிச் சத்தியக் கடிதமாக எழுத வேண்டும். நீதிமன்றத்தில் எழுந்து பேசுபவர் மூத்த வழக்கறிஞரே. ஆனால் இத்தகைய வழக்குகளில் தொலைபேசியில் உறவினரைத் தேடிப் பிடித்து, பெயரின் எழுத்தைச் சரிபார்த்து, தாளைத் தாளோடு இணைத்து வைக்கும் வேலை பெரும்பாலும் இளையவர்கள் தலையிலேதான் விழும். ஒரு பெயர் தவறினால் அந்த ஒருவர் தடையுத்தரவுக்கு வெளியே நிற்பார். படித்த படிப்பு முழுவதையும் இந்த ஒரு நாள் சோதித்துவிடும்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். நாம் பையில் வைத்திருக்கும் அடையாள அட்டை எங்கே பிறந்தது? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதைத் தொடர்ந்தே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொண்டு அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆக, இந்த நாட்டின் அடையாள அட்டைக்கும் பேராக் தோட்டப்புறத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அப்படியிருந்தும் காகிதம் இல்லாதவர்கள் அதே தோட்டங்களில் மிகுந்து போனதுதான் வேதனை.

காரணங்கள் பல. பிரசவம் லயத்தில் மருத்துவச்சி கையால் நடந்தது. பிறப்பைப் பதியும் பொறுப்பைத் தோட்டத்துக் கிராணி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்; அவர் பார்த்தார் அல்லது மறந்தார். 1957க்குப் பின்னர் குடியுரிமைக்கு மனுச் செய்ய வாய்ப்பு இருந்தபோது அதன் அருமை பலருக்குத் தெரியவில்லை. 1969 இல் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்துக்கும் பிற இந்திய மாநிலங்களுக்கும் கப்பலேறிப் போனார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு காலத்தைக் கழித்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. லயம் இடிபட்டபோது தகரப்பெட்டியில் இருந்த பத்திரங்களும் போயின. ஆபீஸ் மூடப்பட்டபோது செக்ரோல் புத்தகங்களும் போயின.

திருமணத்தையும் சொல்ல வேண்டும். 1982 மார்ச் முதல் நாளிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டியதைச் சாமி அறியும், ஊர் அறியும், பதிவிலாகா அறியாது. பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தகப்பன் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, தாயினுடையதையே பார்க்கிறது. தகப்பனிடம் நீல அட்டை இருக்கும். தாயிடம் ஒரு தாளும் இராது. பிள்ளை ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே பிறந்திருக்கும். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்ற குறிப்பு ஏறிவிடும். பள்ளியில் சேர்க்க அலைச்சல், பரீட்சை எழுத அலைச்சல், பதினெட்டு வயதில் வேலைக்குப் போனால் பயம். இதில் காலக்கெடுவும் நெருக்குகிறது. பதிவு முறையில் குடியுரிமை கோரும் பிள்ளைக்குரிய வயது வரம்பை 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நன்மை தரும் திருத்தம் அது. அதற்காகப் போராடியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்துவந்த வழியை நீக்கும் ஏற்பாடும் அதே திருத்தத்தில் அடங்கியுள்ளது. பட்டணத்தில் பலர் இதைக் கவனிக்கவில்லை. தோட்டப்புறத்தில் இதைக் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் அதிலும் குறைவு.

இப்போது பயிற்சிக்கு வருவோம். பழைய தோட்டத்தில் பிறந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது பிறந்தீர்கள் பாட்டி என்று கேட்டால், "எங்க அண்ணன் செத்த மறுவருசம், தைப்பூசத்துக்கு முன்னால" என்பார். இந்தப் பதிலைக் கேட்டு அவருக்குத் தேதி தெரியாது என்று எழுதிவிடுவது கற்றுக்குட்டியின் வேலை. பழகியவன் மேலும் கேட்பான். அண்ணன் எந்த வியாதியில் போனார்? அப்போது தோட்டத்தில் துரை யார்? ஜப்பான்காரன் வந்த பிறகா, முன்பா? பாட்டி எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பு படித்தார்? அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு கிடைக்குமா? கூடப் பிறந்தவர் யாரிடமாவது பிறப்புப் பத்திரம் உண்டா? அந்தப் பிரசவத்தை நேரில் அறிந்த பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவரைச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் அழைத்துச் சென்று வாக்குமூலம் பதிய வேண்டும். இப்படி நூல் நூலாகச் சேர்த்துத்தான் ஒரு மனுவை நெய்கிறார்கள்.

இந்த வேலையைத் தோட்டப்புறங்களிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் செய்து வருவோர் உண்டு. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற அமைப்பு அகதிகள் உயர் ஆணையரகத்தின் துணையோடு 2014 முதல் தீபகற்பத்தின் மேற்குக் கரை மாநிலங்களில் நாடற்றவர்களைக் கணக்கெடுத்தது. ஊர்க்காரர்களையே சட்டத் துணைவர்களாகப் பழக்கி வீடு வீடாக அனுப்பியது. ஆயிரக்கணக்கானோருக்கு இதன் வழியாகக் குடியுரிமைத் தாள் கிடைத்திருக்கிறது. சட்டப் பட்டம் இல்லாதவர்களும் இதில் பெரும் பங்கு ஆற்றினார்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இலங்கை மலையகத்தில் நடந்ததும் இதற்கு நல்ல சான்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த தேயிலைத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 2003 இல் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதும் தோட்டம் தோட்டமாக நடமாடும் நிலையங்கள் அமைத்தார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ 190,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். சட்டத்தை இயற்றுவது ஒரு வேலை. அதை லயத்து வாசலுக்குக் கொண்டுசேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குக் கைகள் வேண்டும்.

பாட்டியிடம் கற்ற இந்தக் கேட்கும் கலைதான் அகதியிடமும் வேண்டியிருக்கிறது. நம் அரசாங்கம் அகதிநிலையைத் தானாக முடிவு செய்யாததால், நெடுங்காலம் அந்தப் பொறுப்பை உயர் ஆணையரகமே ஏற்றுவந்திருக்கிறது. அங்கே ஓர் அதிகாரி நேர்காணல் செய்வார். விண்ணப்பதாரரிடம் பெரும்பாலும் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் சொல்லும் சொல்லே சான்று. முதல் முறை சொன்னதும் இரண்டாம் முறை சொன்னதும் முரண்பட்டால் நம்பகம் போய்விடும். கொடுமை அனுபவித்தவர் எதையும் வரிசையாகச் சொல்வதில்லை என்பதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளும். நடுவில் தொடங்குவார், முக்கியமானதை விட்டுவிடுவார், வெட்கத்தினால் ஒன்றை மறைப்பார். சட்ட உதவியாளர் அதிகாரியின் முன்னிலைக்குப் போவதற்கு முன்பே பலமுறை அமர்ந்து, பொறுமையாகக் கேட்டு, நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிப் பயனும் உண்டு, ஓர் அபாயமும் உண்டு. இலங்கைத் தமிழருக்கு மொழிபெயர்க்க நம் பிள்ளையை அழைத்தால், தமிழ்தானே என்று துணிந்து உட்கார்ந்துவிடும். 'நான் இயக்கத்தில் இருந்தவன் இல்லை' என்று வந்தவர் சொல்வார். நம் ஊரில் இயக்கம் என்றால் இளைஞர் மன்றமும் சங்கமும்தான். அங்கே அந்தச் சொல்லுக்கு ஆயுதம் ஏந்திய குழு என்று பொருள். சங்கத்தில் இல்லை என்று மொழிபெயர்த்தால் அவருடைய வழக்கின் உயிர்நாடியே அறுந்துபோகும். 'காம்புக்குக் கொண்டு போனவை' என்பார். அந்தக் காம்ப் இராணுவ முகாமா, இடம்பெயர்ந்தோர் முகாமா என்று கேட்டுத் தெளிய வேண்டும். 'கதைச்சவை' என்றால் பேசினார்கள் என்று பொருள். கதை கட்டினார்கள் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? 'அவை' என்பது அவர் வழக்கில் மனிதர்களையே குறிக்கும். நமக்குப் புரிந்ததுபோல் தோன்றும் சொல்லே நம்மை ஏமாற்றும் சொல். அறியாத மொழியை மொழிபெயர்ப்பவர் கவனமாயிருப்பார். அறிந்த மொழியில்தான் நாம் அயர்ந்துவிடுகிறோம். ஐயம் வந்தால் மீண்டும் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரக்கத்தினால் கதையைக் கூட்டி எழுதலாகாது. அகதி வழக்குகளில் துணைநிற்போருக்கான ஒழுக்க விதிகளை 2007 இல் நைரோபியில் கூடியவர்கள் தொகுத்தார்கள். நைரோபி நெறிமுறை என்று அதைச் சொல்வார்கள். இரகசியம் காத்தல், பொய்ச் சான்றுக்குத் துணைபோகாமை, தகுதிக்கு மீறிய வாக்குறுதி தராமை ஆகியவை அதன் சாரம். கடைசியாகச் சொன்னதுதான் இளைஞருக்கு மிகக் கடினம். எதிரே அமர்ந்திருப்பவர் "எல்லாம் சரியாகிவிடுமா தம்பி?" என்று கேட்கும்போது, ஆகிவிடும் என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது. மூன்று மாதப் பயிற்சியில் எடுத்த வழக்கு ஒன்றுகூட முடியாமல் போகலாம். முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். தடுப்பு முகாமில் இருப்பவரைச் சந்திப்பதே பெரும்பாடு. 2019 ஆகஸ்டில் உயர் ஆணையரகத்துக்கே அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. சட்டம் இடங்கொடுக்கும் இடத்தில் மட்டும் உதவ முடியும். ஆனால் அந்த இடத்தையும் யாராவது போய்க் கேட்க வேண்டும் அல்லவா? அனுமதியின்றி நுழைந்த குற்றத்துக்காகக் கீழ்நீதிமன்றம் விதித்த பிரம்படியை, குற்றவாளி வன்முறையாளரோ பழங்குற்றவாளியோ அல்லர் என்று காட்டி உயர்நீதிமன்றத்தில் நீக்கிய வழக்கு 2009 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் இருக்கிறது. யாரோ ஒருவர் மேல்முறையீடு எழுதியதால் வந்தது அது.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரசாங்க ஆதரவில் 2011 இல் அமைந்த தேசிய சட்ட உதவி அறநிறுவனம் முதன்மையாகக் குடிமக்களுக்கானது. குடிமக்கள் அல்லாதார் வழக்குகள் பெரும்பாலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களுக்கே வருகின்றன. ஈப்போவிலும் ஒரு மையம் உண்டு. சேம்பரிங் பயில்வோர் சில நாள்கள் அங்கே பணியாற்றியாக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் அந்த நாள்களை நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருப்போர் நீண்ட விடுமுறையில் இத்தகைய அமைப்புகளுக்கு எழுதிக் கேட்கலாம். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் பிழையின்றி எழுதத் தெரிந்தவர் எந்த மையத்துக்கும் வேண்டியவரே. ரோஹிங்கியா மொழி தெரிய வேண்டுமே என்று தயங்க வேண்டாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் சொல்வதைச் சரியாக எழுதிக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

சட்டம் படிக்காத நேயர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வேறிடத்துக்கு மாறியிருக்கலாம் அல்லது மூடப்பட்டிருக்கலாம். அதன் சேர்க்கைப் பதிவேடு இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரையேனும் கேட்டுத் தெரிந்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் தலைமையாசிரியர் மையில் எழுதிய ஒரு பெயரும் பிறந்த தேதியும் இன்று யாருடைய பேரப்பிள்ளைக்கோ தேவைப்படுகின்றன. கறையான் அரிப்பதற்கு முன் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.